எனக்கு விழுந்த தாள்

புயல் போன பதினோராம் நாள்
கூரையில்லாத ஆலயத்தில் கூடினோம்.
பிரசங்க மேடை இருந்த இடத்தில்
யாருடையதென்று தெரியாத ஒரு மீன்படகு
குறுக்கே கிடந்தது.
அதன் விளிம்பிலேயே உட்கார்ந்தோம்.

போதகர் சித்தோலே வேதப்புத்தகத்தைக் கொண்டுவந்தார்.
பூசி ஆறு அதை மூன்று நாள் வாசித்திருந்தது.
தலையணை போல உப்பி,
சேறு நாறியது.
"மொத்தமாய் வைத்தால் அழுகிவிடும்.
பிரிந்து வருவதை ஆளுக்கொன்றாய் எடுத்துப்போங்கள்,
காயவைத்து அடுத்த ஞாயிறு கொண்டுவாருங்கள்."
வெந்த கோழியின் தோலை உரிப்பது போல
ஒவ்வொன்றாய் எடுத்து நீட்டினார்.

எஸ்மெரால்டாவுக்கு மேய்ப்பனின் பாட்டு வந்தது,
அமைதியான தண்ணீரண்டை அழைத்துப்போகிறவர்.
தண்ணீர் என்ற சொல்லில் அவள் விரல் நின்றது.
வேறு கொடுங்கள் என்றாள்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு விழுந்தது ஒரு பட்டியல்.
சிறையிருப்பிலிருந்து ஊர் திரும்பியவர்கள்:
இன்னார் புத்திரர் இத்தனை பேர்,
வாசல் காவலர் இத்தனை பேர்,
ஒட்டகங்கள் நானூற்று முப்பத்தைந்து,
கழுதைகள் ஆறாயிரத்து எழுநூற்று இருபது.
ஒரு வாக்குத்தத்தம் இல்லை.
ஒரு "பயப்படாதே" கூட இல்லை.
பிள்ளையை ஆற்றுக்குக் கொடுத்தவளுக்கு
திரும்பி வந்த கழுதைகளின் கணக்கு!
ஆண்டவரே, உமக்கும் என்னிடம் விளையாட்டா
என்று வாய்விட்டே கேட்டேன்.

கூடார வாசலில் கப்புலானாத் துணியை விரித்து
நாலு மூலைக்கும் நாலு கல் வைத்தேன்.
காற்றடித்தால் கையால் அமுக்கினேன்.
அமுக்கிக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான் படித்தேன்,
பக்தியால் அல்ல.

இரண்டாம் நாள் ஒன்று உறைத்தது.
இந்தப் பெயர்க்காரர்கள் ஒன்றும் சாதிக்கவில்லை.
கடலைப் பிளக்கவில்லை, ராட்சதனை வீழ்த்தவில்லை.
நடந்தார்கள், அவ்வளவுதான்.
அதற்கே ஒருவன் விளக்கு வைத்து உட்கார்ந்து
கழுதையைக்கூட விடாமல் எழுதியிருக்கிறான்.
எங்கள் மாவட்ட அலுவலகத்துப் பலகையிலோ
"காணாமல் போனோர்: நாற்பத்து மூன்று."
பெயரில்லை.

பென்சில் எடுத்து ஓரத்தில் எழுதினேன்:
நெல்டோ, லுசியானோவின் மகன், ஒன்பது வயது.
பிறகு கை நிற்கவில்லை.
ரொட்டிக்கடை அபிலியோ.
இரட்டையர், தாயோடு.
கூடாரம் கூடாரமாய்ப் போய்க் கேட்டேன்.
நாற்பத்திரண்டு வரை வந்தது.

நாற்பத்து மூன்றாவது ஜெர்வாசியோ.
எங்கள் மரவள்ளி நிலத்தில் எட்டடி தின்றவன்,
வேலிக்கட்டையை இரவில் நகர்த்தியவன்.
பகைவனுக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னவர்
பகைவன் செத்தால் என்ன செய்வதென்று
சொல்லாமல் போய்விட்டாரா?
மூன்று நாள் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன்,
அது கட்டைவிரல் அளவுக்குக் குட்டையாகும் வரை.

அவன் அப்பன் பெயர் தெரியாது என்பது
நல்ல சாக்காக இருந்தது.
சனிக்கிழமை அந்தச் சாக்கும் புளித்துப்போயிற்று.
அவர் பின்னே போவது என்றால் என்னவென்று
சிறுவயதிலிருந்து பாடியிருக்கிறேன்.
அன்று அது
முழங்கால் சேற்றில் ஒன்றரை மணி நேரம்.

அவன் மனைவி டெர்செலினா சோளம் இடித்துக்கொண்டிருந்தாள்.
என்னைக் கண்டு உலக்கையை நிறுத்தவில்லை.
"நிலத்துக்கா வந்தாய்?"
"உன் மாமனார் பெயர் வேண்டும்."
உலக்கை நின்றது.
"சமிஸ்ஸோ," என்றாள்.
கொஞ்சம் நகர்ந்து, பாயில் பாதி விட்டாள்.
எட்டடி இருக்காது.
உட்கார்ந்தேன்.

ஞாயிறன்று போதகர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.
வேதத்தில் கிறுக்கியதற்குத் திட்டுவார் என்றிருந்தேன்.
கழுதைகளைத் தாண்டி, ஓரத்துக்கு வந்து,
நிறுத்தாமல் உரக்க வாசித்தார்.
படகில் ஒவ்வொரு பெயருக்கும்
யாரோ ஒருவர் நிமிர்ந்தார்கள்.

நெல்டோவின் பெயர் வந்தபோது
நான் நிமிர்ந்தேனா என்று தெரியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு எஸ்மெரால்டா
தண்ணீர்த் தாளைக் கேட்டு வாங்கிப் போனாள்.
இன்னும் திருப்பித் தரவில்லை.